பிரிஸ்பேனில் அம்மாவுடன் 4 நாள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் கடைசியில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். மெல்பர்ன் குளிர் அவருக்கு ஆகாது, அதனால் நேராக பிரிஸ்பேனுக்கு அழைத்துப் போகிறேன். வயது 68, முழங்கால் வலி உண்டு. ஆனால் ஒரு விலங்கைப் பார்த்துவிட்டால் நேரம் போவதே தெரியாமல் நிற்பார்.

முதல் நாள் லோன் பைன் கோலா சரணாலயம். 1927 முதல் இருக்கும் இடம். 2024-லிருந்து அங்கே கோலாவைத் தூக்கிப் படமெடுக்க விடுவதில்லை, அது நல்லதுதான். கங்காருவுக்குக் கையால் தீனி கொடுத்தாலே அம்மாவுக்குப் போதும். மாலையில் படகேறி ஆற்றில் ஒரு சுற்று. அந்தி நேரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகப் பறப்பதை அவர் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை யாராவது கல்லால் அடித்தால் சண்டைக்கே போவார்.

என் குழப்பம் திமிங்கலம்தான். அந்தச் சமயம் கூன்முதுகுத் திமிங்கலங்கள் தெற்கே திரும்பத் தொடங்கும். ஆற்றுப் படகு பரவாயில்லை, கடலில் படகில் போனால் அம்மாவுக்கு வாந்தி வரும். வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவின் பாயிண்ட் லுக்அவுட்டில் கரையிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். அங்கே மரப்பலகை நடைபாதையில் படிகள் நிறைய உண்டா? நடுவில் உட்கார இடம் இருக்குமா?

அப்புறம், மோர்டன் தீவில் உள்ள டங்கலூமா விடுதியில் டால்பினுக்கு மீன் கொடுக்கத் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டுமாம். வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.