ஸ்லீவ் செய்து ஆறு கிழமை, பசி அடங்கேல்லை: குளிசை போடலாமோ?

கொழும்பில இரைப்பையை வெட்டிச் சின்னனாக்கிற ஸ்லீவ் ஒப்பரேசன் செய்து நேற்றோட ஆறு கிழமை. 118 கிலோவில இருந்து 107க்கு வந்திட்டன். ஆனா பின்னேரம் நாலு மணியானா வயிறு பிசையுது. நேற்று அம்மா புட்டு அவிக்கேக்க, அந்த ஆவி மணத்துக்கே குசினி வாசல்ல போய் நிண்டன், வெக்கக்கேடு. கனடா மச்சாள் பசி அடக்கிற குளிசை ஒரு போத்தல் குடுத்துவிட்டிருக்கிறா. "ஒப்பரேசன் வேலை செய்யுமட்டும் போடு" எண்டுறா. எனக்குப் பிரஷரும் இருக்கு. போடலாமோ?

மறுமொழி 1:
முதல்ல மருந்தின்ர பேரைப் பாருங்கோ. ஃபென்டர்மின் எண்டா நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் ஏத்தும். "மூலிகை" எண்டு வாறது இன்னும் பயம். 2010இல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் நிப்பாட்டின சிபுட்ரமின் எண்ட பசியடக்கிற மருந்து அப்பிடியான போத்தலுகளுக்க கலந்து பிடிபட்டிருக்கு.

மறுமொழி 2:
தம்பி, எனக்கும் இதே நாலு மணிக் கூத்துத்தான். அது பசியில்லை, அமிலம். அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் குளிசையை நானா நிப்பாட்டினதால வந்த வினை. டொக்டர் திரும்பத் தொடங்க அடங்கீட்டுது. மற்றது, புரதம் நாளுக்கு 60 கிராமாவது போகுதோ? நான் சொதியில தெளிவை மட்டும் குடிச்சு ஏமாந்தன். பிறகு முள்ளெடுத்து மசிச்ச மீன், அவிச்ச முட்டை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குத் தண்ணி தொடாதேங்கோ.

கேட்டவர்:
போத்தல்ல மருந்தின்ர பேரே இல்லை அக்கா, பச்சை இலைப் படம் மட்டும். ஒமெப்ரசோல் போன கிழமை முடிஞ்சது, வாங்கேல்லை. நாளைக்கே சர்ஜனுக்குக் கோல் எடுக்கிறன். மச்சாளுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை.