நூற்றைந்தை 1005 என்று எழுதுகிறாள்: இது டிஸ்கால்குலியா என்கிற, எண்களும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாடா?

மதுரைக்காரி:
மகள் ஐந்தாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள், ஒரு முறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் 8+5 என்றால் இன்னமும் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறாள். ராத்திரி கடகடவென்று ஒப்பித்த மூன்றாம் வாய்ப்பாடு காலையில் இல்லை. நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005. கவனம் போதாது என்கிறார் டீச்சர். நானும் இரண்டு முறை அடித்துவிட்டேன், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. என்ன செய்யட்டும்?

சிறப்பாசிரியை:
அவள் காதில் விழுந்தபடிதான் எழுதுகிறாள் அம்மா, முதலில் நூறு, அப்புறம் ஐந்து. சின்ன வகுப்பில் இது சகஜம், ஐந்தாம் வகுப்பிலும் தொடர்ந்தால் பார்க்க வேண்டும். தட்டில் நான்கு புளியங்கொட்டை போட்டு எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாலோர் எண்ணாமலே சொல்லிவிடுவோம், டிஸ்கால்குலியா உள்ள பல பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார்கள். இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்; கண் பார்வை, கணக்கு மேல் உள்ள பயம், விட்டுப்போன பாடம் எல்லாம் பார்த்துத்தான் உளவியல் நிபுணர் சொல்வார். அதுவரை வாய்ப்பாட்டை ஓரமாக வையுங்கள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு என்று அவள் கையாலேயே சேர்க்கட்டும். 100 என்று ஓர் அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை எழுதி, கடைசிப் பூஜ்யத்தின் மேல் ஐந்தை வைக்கச் சொல்லுங்கள்.

முப்பத்துநாலு:
எனக்கும் இதுதான், ஆனால் பெயர் தெரிந்ததே வேலைக்குப் போன பிறகு. இன்றும் பஸ்ஸில் மீதிச் சில்லறை சரியா என்று சட்டெனச் சொல்ல வராது, முள் கடிகாரம் பார்க்க நேரமாகும். கணக்கு வராததைவிட, கரும்பலகை முன்னால் நிற்க வைத்து எல்லோரும் பார்த்ததுதான் இன்னும் வலிக்கிறது. டீச்சரிடம் அதை மட்டுமாவது தடுக்கச் சொல்லுங்கள்.

தஞ்சை அப்பா:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியா பெயர் சொல்லியே இருக்கிறது. எங்கள் பையனுக்கு அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்க அலைந்தோம்தான், ஆனால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

மதுரைக்காரி:
புளியங்கொட்டை போட்டுப் பார்த்தேன். நான்கையும் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணினாள். ஆனால் அட்டையை வைத்ததும், "அம்மா, பூஜ்யம் ஐந்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கு" என்றாள். அடுத்து 207 அவளே வைத்துக் காட்டினாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன்.