சோலாருக்கு நிலம் கேட்டு வந்தவர்களோடு உங்கள் அனுபவம்?

கரிசக்காட்டான்:
விளாத்திகுளம் பக்கம், 4 ஏக்கர், முழுக்கச் சீமைக் கருவேலம். புரோக்கர் வந்து வழக்கமான பேச்சைப் பேசினார்: 25 வருஷம், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம். அட்வான்ஸ் செக்கைக் கார் பானட்டில் வைத்தே எழுதிவிட்டார். அப்பா பேனாவைக் கையில் வாங்கியாயிற்று. அப்போது சித்தப்பா, "காலம் முடிஞ்சதும் இந்தக் கம்பியையும் காங்கிரீட்டையும் யாரு பிடுங்குறது?" என்று கேட்டார். புரோக்கர் சிரித்தார். "அப்போ நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன், விடுங்க பெரியவரே." அப்பா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நிலம் இன்னும் சும்மாதான் கிடக்கிறது. கொடுத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் தோன்றாது.

தாராபுரத்துப் பொண்ணு:
கம்பியை 25 வருஷம் கழித்துப் பிடுங்கலாம். கூட்டுப் பட்டா இருந்தால் முதல் நாளே சண்டைதான். "ஒரு கையெழுத்துதான் அம்மிணி" என்று அண்ணன் கூப்பிட்டான். பத்திர ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். நிலம் மூன்று பேர் பெயரில், வாடகை முழுக்க அவன் கணக்குக்கு. கேட்டதும் கம்பெனிக்காரர் வாட்சைப் பார்த்தார். "குடும்பத்துல பேசிட்டு வாங்கம்மா, எங்களுக்கு யார் கணக்குன்னாலும் ஒண்ணுதான்." எனக்கு அப்படி இல்லையே! மூன்றாகப் பிரித்து எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பணம் ஒழுங்காக வருகிறது. அண்ணன்தான் பேசுவதில்லை.

ஈபி ரிட்டயர்டு:
எங்கள் ஊரில் கேட்டு வந்தவன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காணாமல் போனான், அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே யாரும் சப்ஸ்டேஷனை, அதாவது துணைமின் நிலையத்தைப் பற்றியே பேசவில்லை. 2019-ல் வந்த பி.எம். குசும், அதாவது விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டம், அதன் முதல் பிரிவில் பொதுவாக 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை பிளான்ட். 5 கிலோமீட்டருக்குள் சப்ஸ்டேஷன் இருக்கும் நிலத்துக்குத்தான் முன்னுரிமை. தூரம் கூடினால் லைன் இழுக்கும் செலவு கூடும், அந்தச் செலவை உங்கள் வாடகையில்தான் குறைப்பான். வாடகை ஏக்கருக்கா, உற்பத்தியாகும் கரண்ட் யூனிட்டுக்கா என்று கேளுங்கள். யூனிட் கணக்கு என்றால் லைன் நின்ற நாளில் உங்களுக்கும் காசில்லை. ஏக்கர் கணக்கு என்றால் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஏறும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பேனல் கழுவத் தண்ணீர் யார் கிணற்றிலிருந்து என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கரிசக்காட்டான் தம்பி, பிளான்டைக் கழற்றி நிலத்தைச் சமன்செய்து தருவது அவன் செலவு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு சிரிப்புக்காக 4 ஏக்கரைச் சும்மா போடுவதா?

கரிசக்காட்டான்:
ஐயா, அந்த வரியைச் சேர்க்கச் சொன்னோம். "ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட், ஒரு எழுத்துகூட மாத்த முடியாது" என்றார். சிரிப்புக்காக மட்டும் இல்லை.

மேட்டுப்பாளையம்:
எல்லாரும் குத்தகை, குத்தகை என்கிறீர்கள். ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையைப் பேங்க் கடன் போட்டுச் சொந்தமாகவே வாங்கியது. குசுமில் விவசாயிகள் குழுவாகவும் சோலார் பிளான்ட் போடலாம், ஊராட்சியும் போடலாம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "கடனுக்கு முதல் கையெழுத்து நீ போடுறியா?" என்று ஒருவர் கேட்டார். அதோடு கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது.

ஈபி ரிட்டயர்டு:
போட்டீர்களா, இல்லையா?