கலை எப்போது பரப்புரையாகிறது?

கேள்வி:
ஒரு திரைப்படமோ சுவரொட்டியோ ஒரு கொள்கையை ஆதரிக்கிறது என்பதற்காகவே அதைப் பரப்புரை என்று ஒதுக்கிவிட முடியுமா?

மறுமொழி 1:
முடியாது. கொள்கை இருப்பது குற்றமன்று. மறுகுரலை அடைப்பதே பரப்புரையின் அடையாளம் என்பேன். ஜெர்மனியின் நாஜி அரசு 1933இல் மலிவு விலை வானொலிப் பெட்டியை மக்களிடம் கொண்டுசேர்த்தது. போர் தொடங்கிய 1939இல் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால் கேளிக்கையின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ருவாண்டாவில் 1994இல் ஒரு தனியார் வானொலி, இளைஞர்கள் விரும்பிய இசைக்கும் உரையாடலுக்கும் நடுவே டுட்சி என்ற சிறுபான்மை இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று திரும்பத் திரும்ப அழைத்து, படுகொலைக்கு மனங்களைப் பழக்கியது. இதுவே எனக்குப் பேரச்சம் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
அதை நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

மறுமொழி 2:
ஆம், அதன் நிறுவனர்கள் இருவரை ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகள் என அறிவித்தது.