மேடையில் பிள்ளை பேசுகிற வசனம் யாருடையது? மலைப்பக்கத்து அனுபவங்கள்

கோத்தகிரிக்காரன்

போன டிசம்பரில் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தனிநடிப்புப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். முதியோர் இல்லத்துத் தாய் மகனிடம் பேசுகிற அந்த வசனம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெராக்ஸ் ஜெராக்ஸாகக் கைமாறி வருவது, யூடியூபிலும் குவிந்து கிடப்பது. அன்றைக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

அதில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். மதியம் மூன்றரைக்கே மூடுபனி ஜன்னல் வழியாக அரங்குக்குள் வந்துவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் அம்மாவின் சேலையைச் சுற்றியிருந்தாள். ‘இந்த வெக்கையில ஒரு ஃபேன் கூட இல்லையே கண்ணா’ என்று சொல்லி முந்தானையால் விசிறிக்கொண்டாள். விசிறுகிறாள், வாயிலிருந்து ஆவி வருகிறது. விரல்கள் விறைத்துப்போய் முந்தானை நுனி பிடியில் நிற்கவில்லை. ஆனாலும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. முதல் பரிசு அவளுக்குத்தான் கொடுத்தோம், அதற்குத் தகுதியானவள்.

ஆனால் அந்த விசிறல் என்னை விடவே மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரிலும் அப்படித் தாய்மார் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் மகன் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போய்விட்டான், அரை ஏக்கர் தோட்டத்தோடு அம்மா மட்டும் இங்கே. அவள் இந்தக் குளிரில் மகனிடம் என்ன பேசுவாள்? அதை ஏன் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை? உங்களிடம் நம் பக்கத்து வசனம் ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள். பார்த்ததையும் எழுதுங்கள்.


கூடலூர் லயத்துப் பெண்

அண்ணா, எங்களிடம் இருக்கிறது. அதற்குக் கிடைத்த மார்க்கையும் சொல்கிறேன்.

என் மாணவி, பத்தாம் வகுப்பு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ‘சிலோன் பாட்டி’ என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லோரும் கூப்பிடுகிற அவளுடைய பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு அவளே எழுதினாள். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாம், அங்கிருந்து லாரியில் மலையேறி அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். அங்கேயும் இங்கேயும் அதே லயம், அதே கொழுந்து. நான் கை வைத்தது நீளத்தைக் குறைக்க மட்டும்தான்.

மேடையில் கூடை கிடையாது, கயிறு கிடையாது. வெறுங்கையோடு வந்து நின்றாள். தலையில் கூடைக்கயிறு மாட்டினால் கழுத்து எப்படி முன்னால் போகும் என்று தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கழுத்து வந்தது. பேசி முடிக்கிறவரை அதை இறக்கவே இல்லை. பின்வரிசையில் நின்ற அம்மா ஒருவர் தன்னை அறியாமல் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

நடுவர் தாளில் ‘உச்சரிப்புப் பிழை, பேச்சு வழக்கு மிகுதி’ என்று எழுதியிருந்தார்கள். பாட்டி ‘கொளுந்து’ என்றுதான் சொல்வார், பேத்தியும் அப்படியே சொன்னாள். ழகரம் அவளுக்கு வராமல் இல்லை. அடுத்த சுற்றில் வ.உ.சி. பற்றிப் பேசும்போது அத்தனை ழகரமும் சுத்தமாக வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பாத்திரம் பேசுகிற மொழிக்கும் பேச்சாளர் பேசுகிற மொழிக்கும் ஒரே அளவுகோல் போட்டால், பிள்ளைகள் எப்படித் தங்கள் வீட்டுக் கதையை எடுத்து வருவார்கள்?


பெருமாள்மலை

கோத்தகிரி அண்ணா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குளிரில் நின்று வெக்கையைக் காட்டினாள் என்றால் அதுதானே நடிப்பு? கட்டபொம்மன் வேஷம் போடுகிற பிள்ளை பாஞ்சாலங்குறிச்சியையா பார்த்திருக்கும்? வசனம் எந்த ஊருடையது என்பது இரண்டாவது விஷயம். அதை எப்படிக் கையாளுகிறோம் என்பதற்கு நம்மிடம் விதியே இல்லை என்பதுதான் குறை.

கொடைக்கானலில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் அங்கத்திய உயர்நிலைப் பள்ளிப் போட்டி முறையில் பிள்ளைகளைப் பழக்கினார். அங்கே இதற்கென்றே 1925லிருந்து ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது. 2014லிருந்து அதன் பெயர் நேஷனல் ஸ்பீச் அண்ட் டிபேட் அசோசியேஷன். நாடகமோ கதையோ, அச்சில் வந்த ஒரு படைப்பிலிருந்து வெட்டி எடுத்து 10 நிமிடத்துக்குள் நடிக்க வேண்டும், அதற்கு மேல் 30 விநாடிதான் சலுகை. வேஷம் கிடையாது, கையில் பொருள் கிடையாது. இடத்துக்கு இடம் ஒட்டுப்போட ஓரிரு சொல் சேர்க்கலாமே தவிர, சொந்தமாக வசனம் எழுதிச் செருகக் கூடாது. மூலப் படைப்பு எது என்று கேட்டால் காட்ட வேண்டும்.

இருவர் நடிப்பு என்று ஒரு பிரிவு. அதில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, பார்க்கக்கூடக் கூடாது, முன்னுரை பேசும்போது மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பையன்கள், அப்பாவும் மகனும். அப்பாவுக்குக் காய்ச்சல். மகன் நேராக எங்களைப் பார்த்தபடி, காற்றில் ஒரு டம்ளரைப் பிடித்து மெல்லச் சாய்க்கிறான். மூன்றடி தள்ளி நிற்கிற அப்பாவும் எங்களைத்தான் பார்க்கிறான், அவன் தொண்டை ஏறி இறங்குகிறது. கொடுத்த கை இங்கே, குடித்த வாய் அங்கே. நடுவில் தண்ணீர் போவதை நான் பார்த்தேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

அதற்கப்புறம் நம் பக்கத்துப் போட்டிகளில் அட்டை வாள், பஞ்சுத் தாடி, சாயம் பூசிய நரை எல்லாம் பார்க்கும்போது மனசு ஒப்பவில்லை. முதலில் அந்தச் சேலையை எடுத்துவிடுங்கள் அண்ணா. அப்புறம் வசனத்தைப் பற்றிப் பேசலாம்.


கோத்தகிரிக்காரன்

தம்பி, அச்சில் வந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் கூடலூர்ப் பாட்டி எந்த அச்சில் இருக்கிறார்? அந்த விதி அந்த ஊருக்குச் சரி, அங்கே வெட்டி எடுக்க நாடகப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சேலையும் தாடியும் வேண்டாம் என்பதை மட்டும் முழு மனதோடு ஏற்கிறேன். தாடிக்காகக் கடன் வாங்குகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.


டிஎன் 43

இது தனிநடிப்பு இல்லை, விவாதப் போட்டி. இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும்.

ஊட்டியில் பள்ளிகளுக்கிடையே நடந்தது, தலைப்பு ‘மலைக்கு வரும் வாகனங்களுக்கு உச்சவரம்பு தேவையா’. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7லிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்ததும், 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6000, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று வரம்பு வைத்ததும் தெரியும்தானே. கொடைக்கானலுக்கு 4000, 6000. என் அண்ணன் மகனுக்குச் சீட்டுக் குலுக்கியதில் ‘தேவை’ அணி விழுந்தது. அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார்.

பையன் ஒரு நோட்டு முழுக்கப் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டித் தயார் செய்தான். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், சீசனில் குன்னூர் ரோட்டில் மாட்டிக்கொள்கிற ஆம்புலன்ஸ், குடிதண்ணீர் என்று வரிசையாக அடுக்கினான். எதிரணி ‘வியாபாரம் படுத்துவிடும்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. உள்ளூர் வண்டிகளுக்குத்தான் விலக்கு இருக்கிறதே என்று இவன் ஒரே வரியில் முடித்தான். கைதட்டல், கோப்பை எல்லாம் அவனுக்கே.

அண்ணன் சவாரியை விட்டுவிட்டு வந்து, ஒலிபெருக்கியில் முழுக்கக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றிருந்தார். கோப்பையை வாங்கிப் பார்த்தார், தோளைத் தட்டினார். அப்புறம் கேட்டார்: ‘நம்ம வண்டிக்கு வெலக்குதான்டா. பஸ்சுல ரயில்ல வர்றவன் நம்ம வேனுல ஏறுவான்னா வரம்பு எனக்கு நல்லதுதானே, சொந்தக் காருல வர்றவன் கொறஞ்சா எனக்கென்ன நஷ்டம்? ஆனா வெளியூர் வேன் மொதல்லயே பாஸ் எடுத்து ஆளுகளோட ஏறி வந்துட்டா, நான் யார ஏத்துறது? இத எதிர்ல இருந்தவன் ஏன் கேக்கல?’

அந்தக் கேள்வி வந்திருந்தால் பையன் தோற்றிருக்கலாம். எதிரணியில் அதைக் கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மொத்த நோட்டிலும் ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர் ஒருவரின் பேச்சு கூட இல்லை. வீட்டிலேயே ஆள் இருக்கிறார், பத்திரிகையைத்தான் தேடியிருக்கிறான்.


பெருமாள்மலை

டிஎன் 43 அண்ணா, சீட்டுக் குலுக்கியது கொடுமை என்று யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பப்ளிக் ஃபோரம் என்ற விவாதப் பிரிவில் நாணயம் சுண்டித்தான் பக்கம் முடிவாகும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தயாராக வர வேண்டும். உங்கள் பையன் இரண்டு பக்கத்துக்கும் நோட்டுப் போட்டிருந்தால் அப்பாவின் கேள்வி அவனுக்கே முதலில் தோன்றியிருக்கும்.


வத்தலக்குண்டு வழி

கொடைக்கானல் மேல்மலையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் சின்னது. மன்னவனூர்ப் பையன் ஒருவனைப் பேச்சுப் போட்டிக்குத் திண்டுக்கல் கூட்டிப்போனேன். மாவட்டப் போட்டி என்றால் எங்களுக்கு நாலைந்து மணி நேரப் பயணம். மலைப்பாதையில் இறங்கும்போது வயிறு புரட்டி எடுத்துவிட்டது. வத்தலக்குண்டில் முகம் கழுவவைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தேன். மேடையேறி, ‘வணக்கம்’ சொன்னதும் முகம் வெளுத்தது. எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான். அந்த ஒரு விழுங்கல் என் கண்ணிலேயே நிற்கிறது. மூன்றாம் பரிசு.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சில விஷயம் சொல்கிறேன், மலைப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு உதவும். முடிந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் காலையில் இட்லி மட்டும், பரோட்டா வேண்டவே வேண்டாம். பஸ்சில் முன்சீட்டு. வழியில் வசனத் தாளைப் படிக்க விடாதீர்கள், வளைவில் படித்தால்தான் தலை சுற்றும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு 400, 450 சொல் போதும். அறுநூறு எழுதிக் கொடுத்துவிட்டு ‘வேகமாப் பேசு’ என்று சொல்லாதீர்கள். எழுதியதைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே கோடு போடுங்கள், அந்த வாக்கியத்தை இரண்டாக்குங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் சரி. மேற்கோள் ஒன்று போதும். எச்சரிக்கை மணி அடித்தால் எந்த வரிக்குத் தாவ வேண்டும் என்பதை முன்பே சிவப்பு மையில் குறித்துப் பழக்குங்கள். மணி அடித்ததும் பதறி, சொன்னதையே திரும்பச் சொல்லித் தோற்ற பிள்ளைகள்தான் அதிகம்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொன்று. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர். தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கே கேட்காது. அப்போது கத்தக் கூடாது, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். இதை வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று பழகலாம். குளிரில் தொண்டைக்கு வெந்நீர், நடுநடுவே ஐஸ் வைத்த கூல்டிரிங்க் வாங்கிக் கொடுக்கிற மாமாக்களைத் தடுங்கள்.

தமிழ் வளர்ச்சித் துறை நடத்துகிற மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 5000, அடுத்து 3000, 2000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசு தலா 2000 உண்டு. இது பல தோட்டப் பள்ளிகளுக்குத் தெரியவே தெரியாது. 2022-23லிருந்து பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற கலைத் திருவிழாவிலும் தனிநபர் நடிப்பு இருக்கிறது. கூடலூர் அம்மா, அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள், அங்கே கூட்டிப்போங்கள். ‘கொளுந்து’ என்றே சொல்லட்டும். நடுவர் தாளுக்கு முன்னால் முன்னுரையில் ஒரு வரி, ‘இது என் பாட்டியின் பேச்சு’ என்று சொல்லவையுங்கள். என்னைப் போன்ற பழைய தமிழாசிரியர் நடுவராக உட்கார்ந்திருந்தாலும் அதற்கப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.


கோத்தகிரிக்காரன்

ஐயா சொன்னதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கூடலூர் அம்மா, அந்த வசனத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பாட்டியிடமும் பேத்தியிடமும் கேட்டுச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரோடுதான் கொடுப்போம்.


கூடலூர் லயத்துப் பெண்

கேட்டேன் அண்ணா. பேத்திக்குச் சம்மதம், பெயர் போட்டால் போதுமாம். பாட்டிக்கு முழுக்கப் படித்துக் காட்டினோம். கொடுக்கலாம், ஆனால் ஓர் இடத்தை மாற்றச் சொல்கிறார். கப்பலில் கரையைப் பார்த்து அழுததாகப் பேத்தி எழுதியிருக்கிறாள். ‘நான் எங்க அழுதேன், கைப்புள்ளக்கிப் பால் கொடுக்கவும் வாந்தி எடுக்கவுமே நேரஞ் சரியாப் போச்சு’ என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, பாட்டி சொன்னதையே அந்த இடத்தில் போட்டு அனுப்புகிறோம்.