அம்மாவுக்கு மூட்டுவலி, மகளுக்கு மூன்று வயது, கார் இல்லை: ஆகஸ்டில் எந்த மத்தியதரைக் கடல் தீவு?

காவிரிக்கரை (ஏப்ரல் 26)

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். ஆகஸ்ட் 2 முதல் எட்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு தீவுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்தத் தீவு என்பதில்தான் மூன்று வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்குகிறார். வயது 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரை என்றால் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார், பத்துப் படிக்கு மேல் ஏறினால் அன்றைய பொழுது போயிற்று. முட்டைகூடத் தொடாத சைவம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. என்னிடமும் கணவரிடமும் ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் இல்லை. ஆகவே வாடகைக் கார் கிடையாது.

போன வருடம் சான்டோரினிக்குப் போனோம். படங்களைப் பார்த்து மயங்கி, ஓயா ஊரின் பாறைச் சரிவில் ஒரு வீடு எடுத்தோம். விளம்பரத்தில் ‘சில படிகள்’ என்று இருந்தது. நான் எண்ணினேன்: 112. அம்மா முதல் நாள் இறங்கி ஏறியதோடு சரி. மீதி நான்கு நாளும் மாடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. திரும்பும் நாளில் காற்று அதிகமென்று கப்பலை நிறுத்திவிட்டார்கள், ஏதென்ஸில் விமானத்தைத் தவறவிட்டோம். ஐந்து நாள் கடலுக்கு மேலேயே இருந்தும் அம்மா அதில் கால் நனைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கையில் இருக்கும் பெயர்கள்: சைப்ரஸ், மால்டா, கிரீட், சிசிலி, மயோர்கா. என் நாத்தனார் சைப்ரஸ்தான் சிறந்தது என்கிறார். போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நெடுவழி (ஏப்ரல் 26)

தீவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு அம்மாவின் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா? சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் நான் இதை எழுதும் இன்றுவரை ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) சேரவில்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப ஜெர்மனிக்குள் வர முடியாது. மால்டா, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் நான்கும் ஷெங்கனுக்குள் இருப்பவை.

விலை குறைவென்று இஸ்தான்புல் அல்லது லண்டன் வழியாக மாறிப்போகும் டிக்கெட்டுகள் கண்ணில் படும். ஊருக்குள் போகாமல் விமானம் மட்டும் மாறினாலும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். நேரடி விமானம் மட்டும் பாருங்கள்.

காவிரிக்கரை (ஏப்ரல் 27)

பார்த்தேன். ஒருமுறை நுழைவுதான். நாத்தனார் ஜெர்மன் குடியுரிமை பெற்றவர், அதனால் அவருக்கு இது தோன்றியிருக்காது. நீங்கள் சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. சைப்ரஸை அடித்துவிட்டேன். மிக்க நன்றி.

ஏஜியன் காற்று (ஏப்ரல் 27)

சகோதரி, சான்டோரினியை வைத்து கிரேக்கத் தீவுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். சான்டோரினி வெடித்துக் குழிந்த எரிமலையின் விளிம்பு. அங்கே ஊர்களே மலையுச்சியில்தான் தொங்குகின்றன, படி இல்லாமல் எப்படி இருக்கும்? உங்கள் கப்பலை நிறுத்தியது மெல்டேமி. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று, சில நாள் பேய்போல வீசும். அந்த மாதங்களில் சிறு தீவிலிருந்து கப்பலில் வந்து அன்றைக்கே விமானம் ஏறுவதாகத் திட்டமிடக் கூடாது.

கிரீட்டுக்குக் கப்பலே வேண்டாம். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீண்ட பெரிய தீவு. ஹெராக்லியன், ஹானியா என்று இரண்டு சர்வதேச விமான நிலையங்கள். உங்களுக்கு நான் சொல்வது ரெத்திம்னோ. பழைய ஊர் ஏறக்குறைய சமதரை, ஊரையொட்டியே மணற்கரை தொடங்கி கிழக்கே பல கிலோமீட்டர் போகிறது. ஹெராக்லியனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், வடகரைச் சாலையில் பஸ்கள் அடிக்கடி உண்டு.

அம்மாவுக்காக இன்னொன்று. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை கிரேக்கத் திருச்சபையில் மாதாவின் நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் சேர்க்காத சமையலுக்கு ‘நிஸ்டீசிமோ’ என்று பெயர். உணவகத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும்: அரிசி அடைத்த தக்காளி, எண்ணெயில் வதக்கி வேகவைத்த காய்கள், பெரிய வெள்ளை மொச்சை, காட்டுக்கீரை மசியல் என்று வரும். ஒரு கவனம்: கணவாய், இறால் போன்றவற்றை அவர்கள் நோன்பில் உண்பார்கள். ஆகவே கடலுணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அத்தையை ஒரு ஆகஸ்டில் இப்படித்தான் பத்து நாள் பசியில்லாமல் வைத்திருந்தேன்.

இளஞ்சிவப்பு மணல் என்று எலஃபோனிசி கடற்கரையின் படங்கள் வரும். காரில்லாமல், இரண்டு குழந்தைகளோடு, மலைப்பாதையில் போய்வர முழு நாள் ஆகும். அதை விட்டுவிடுங்கள்.

காவிரிக்கரை (ஏப்ரல் 28)

நோன்புச் சமையல் செய்தி அம்மாவைக் கவர்ந்துவிட்டது. ஒரே பயம் அந்தக் காற்று. ரெத்திம்னோ வடகரைதானே? மூன்று வயதுக் குழந்தைக்கு அலை எப்படி இருக்கும்?

ஏஜியன் காற்று (ஏப்ரல் 28)

மறைக்க மாட்டேன். மெல்டேமி பலமாக இருக்கும் நாளில் வடகரையில் அலை உயரும், சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். எட்டு நாளில் இரண்டு மூன்று நாள் அப்படிப் போகலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். தென்கரைக்கு மலை மறைப்பு உண்டு, ஆனால் அங்கே போய்வர உங்களுக்குக் கார் தேவைப்படும். செப்டம்பரில் கேட்டிருந்தால் இரண்டாவது யோசனையே இல்லாமல் கிரீட் என்றிருப்பேன்.

வாலெட்டாவாசி (ஏப்ரல் 29)

நான்கு வருடமாக மால்டாவில் செவிலியராக இருக்கிறேன். மூன்று தீவும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். எங்கும் பஸ் போகும், ஆங்கிலம் ஆட்சிமொழி, இந்திய மளிகைக்கடைகள் நிறைய. இவ்வளவு வசதி இருந்தும் உங்கள் குடும்பத்துக்கு ஆகஸ்டில் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே கடலில் இறங்கும் இடம் பெரும்பாலும் பாறை, இரும்பு ஏணி பிடித்து இறங்க வேண்டும். மணற்கரை என்று சொல்லக்கூடியவை கைவிரலில் அடங்கும். மெல்லீஹாவின் கதீரா விரிகுடா ஆழமில்லாதது, குழந்தைகளுக்கு அருமை. ஆனால் ஆகஸ்டில் தீவே அங்கே வந்துவிடுகிறது, நிரம்பிய பஸ் நிறுத்தத்தில் நிற்காமலே போகும். வெயிலில் தள்ளுவண்டியோடு நின்ற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். வாலெட்டா அழகான ஊர், ஆனால் தெருவே படியாக இருக்கும் ஊர். அம்மாவோடு ஏப்ரலில் வாருங்கள்.

நெடுவழி (ஏப்ரல் 29)

மயோர்கா பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால்: வடகிழக்கே அல்குடியா விரிகுடாவில் ஆழமில்லாத நீண்ட மணல். குழந்தைகளுக்குக் குறையே சொல்ல முடியாது. ஜெர்மனியிலிருந்து விமானங்களும் தாராளம். ஆகஸ்டில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். சைவ உணவுக்கு நாங்கள் அங்கே அலைந்தோம்.

நெடுந்தீவான் (ஏப்ரல் 30)

தங்கச்சி, நான் பலேர்மோவில் 1991 முதல் இருக்கிறேன். பிறந்ததும் தீவு, வாழ்வதும் தீவு.

சிசிலி பெரிய தீவு, முழுவதையும் பார்க்க நினைத்தால் களைத்துப்போவீர்கள். ஒரே ஊரில் இருங்கள். அந்த ஊர் செஃபலூ. பலேர்மோ விமான நிலையத்திலிருந்து ரயிலில் நகரத்துக்கு வந்து, அங்கே வேறு ரயில் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஃபலூ. நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. கரை முழுவதும் மணல், தரை மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். பழைய ஊரும் கடற்கரையும் ஒட்டியே இருப்பதால், அம்மா களைத்தால் உடனே அறைக்குத் திரும்பலாம். ஊருக்குப் பின்னால் நிற்கும் பெரும் பாறைக்கு ஏறச் சொல்வார்கள், அம்மாவுக்கு அது வேண்டாம். 1131 இல் இரண்டாம் ரோஜர் மன்னன் தொடங்கிய பேராலயத்தில் பொன்வண்ணப் பதிகல் ஓவியம் இருக்கிறது, வாசற்படிகளை மட்டும் மெதுவாகக் கடக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பலேர்மோவில் எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நகருக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைக்கோயில், சாந்தா ரொசாலியா அம்மாளுடையது. 1624 இல் பிளேக் பரவியபோது அந்தக் குகையில் அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள், அவர்தான் நகரைக் காத்தவர் என்பது இவ்வூர் நம்பிக்கை. கத்தோலிக்கர் மட்டுமல்ல, எங்கள் சைவக் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி அங்கே நேர்த்தி வைக்கின்றன. பஸ்ஸும் போகும். குகைக்கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கும்பகோணத்து அம்மா தமிழில் கதைக்க ஆட்கள் இருப்பார்கள்.

ஏஜியன் காற்று (ஏப்ரல் 30)

ஐயா சொல்வது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் வெயிலைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐரோப்பாவிலேயே பதிவான உச்ச வெப்பம் 48.8 டிகிரி, 2021 ஆகஸ்ட் 11, சிசிலியில்தான். 68 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

நெடுந்தீவான் (மே 1)

சரியான எச்சரிக்கை. அந்த 48.8 தென்கிழக்கே சிராக்கூசாப் பக்கம் பதிவானது. செஃபலூ வடகரை, பெரும்பாலான நாள்களில் கடற்காற்று உண்டு. ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து ஷிரோக்கோ என்ற சூடான காற்று வீசினால் வடகரையும் தப்பாது. 2023 ஜூலைக் கடைசியில் பலேர்மோவைச் சுற்றிய மலைகள் எரிந்து, விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்கள். அந்தப் புகையை நான் சுவாசித்தேன். ஆகவே குளிர்சாதனம் இல்லாத அறை எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். காலை பத்துக்குள் கடல், பிறகு மாலை ஆறுக்கு மேல். நடுப்பகலில் இந்த ஊர்க்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள்.

காவிரிக்கரை (மே 2)

வீட்டில் மூன்று இரவு பேசினோம். கிரீட்டுக்கும் செஃபலூவுக்கும் நடுவே நின்று, அலைக்குப் பயந்து செஃபலூ என்று முடிவு செய்திருக்கிறோம். சாப்பாட்டில் அம்மா எதைக் கவனிக்க வேண்டும்?

நெடுந்தீவான் (மே 2)

‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா’: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பனெல்லே அம்மாவுக்குப் பிடிக்கும். கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, ஆறவைத்து, துண்டுபோட்டுப் பொரிப்பது. வேறு என்ன பொரித்த எண்ணெய் என்று மட்டும் கேளுங்கள். கத்தரிக்காயும் தக்காளியும் புளிப்பும் இனிப்புமாகச் சேர்ந்த கப்பொனாத்தாவைச் சோற்றோடு சாப்பிடலாம். ஸ்ஃபின்சோனே வெறும் தக்காளி ரொட்டிபோலத் தெரியும், உள்ளே நெத்தலி இருக்கும். வெண்ணெய் அரஞ்சினா என்ற பொரித்த சோற்று உருண்டையில் பன்றி இறைச்சி இருக்கும், பெயரை நம்பி வாங்காதீர்கள். பர்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது, அம்மா அதைத் தவிர்ப்பவர் என்றால் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் எலுமிச்சை கிரனீத்தா (பாதி உறைந்த இனிப்புப் பானம்) குடிக்கலாம். கூடவே தரும் பிரியோஷ் ரொட்டியில் முட்டை உண்டு.

நெடுவழி (மே 3)

வீடு எடுக்கும்போது ‘பியானோ தெர்ரா’ என்றால் தரைத்தளம், ‘ப்ரீமோ பியானோ’ என்றால் ஒரு மாடி ஏற வேண்டும். போன வருட அனுபவம் இருக்கிறதல்லவா? தெருவிலிருந்து கட்டில்வரை எத்தனை படி என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள், வாசலின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (மே 6)

கேட்டேன். ‘இரண்டு படி’ என்று எழுதி, படமும் அனுப்பினார்கள். பதிவு செய்துவிட்டோம்.

காவிரிக்கரை (ஆகஸ்ட் 14)

திரும்பிவிட்டோம். அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி இரண்டுதான். தெரு குறுகலானது, இரவு ஒரு மணிவரை கீழே பேச்சும் சிரிப்பும். தரைத்தளம் எடுப்பவர்கள் உள்முற்றம் பார்த்த அறையாகக் கேளுங்கள். போகும்போது ரயிலில் இடமில்லாமல் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டே போனோம், அம்மாவுக்கு ஒரு இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வெப்பம் தாங்கவில்லை. ஐயா சொன்ன நேரக்கணக்கை அப்படியே கடைப்பிடித்தோம், இல்லாவிட்டால் சமாளித்திருக்க முடியாது. கட்டணக் குடை வரிசைக்கு முன்பதிவு செய்யாமல் போனது எங்கள் தவறு. ஆகஸ்டில் முன்வரிசை எல்லாம் முன்பே போய்விடுகிறது. இலவசக் கரையில் காலை ஏழரைக்கே குடை நட்டு இடம்பிடித்தோம்.

ஞாயிறு ரொசாலியா குகைக்குப் போனோம். வாசலுக்கு முன் இருந்த படிகளை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. உள்ளே சாவகச்சேரிப் பெண்மணி ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். கீழே அவருடைய வீட்டில் எங்களுக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கிடைத்தன.

இரண்டாம் நாள் காலையிலேயே அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்து கடலில் இறங்கிவிட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் ஏறுகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டேன். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றார்.

ஏஜியன் காற்று ஐயாவுக்கு: அம்மா அடுத்த வருடம் செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பலமுறை நுழைவு விசாவுக்கு விண்ணப்பிக்கப்போகிறோம். ரெத்திம்னோவில் தரைத்தள வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.