அடுத்த தொற்று வந்தால் செயலியைக் கட்டாயமாக்கலாமா?

கோவை_கதிர்:
கொரோனா தொற்றாளருக்கு அருகில் இருந்தோமா என்று சொல்லும் மத்திய அரசின் ஆரோக்கிய சேது செயலிக்கு எதிராக அன்று கூச்சல் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டு வாசல்வரை கூகுளுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள்தான். 2020 ஏப்ரலில் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. யார் பக்கத்தில் நின்றோம் என்று ப்ளூடூத் குறித்து வைக்கும், அவருக்குத் தொற்று உறுதியானால் நமக்குச் சொல்லும். இதில் எந்த உரிமை பறிபோனது? அடுத்த முறை முதல் நாளே எல்லோருக்கும் கட்டாயம் என்று அறிவிக்க வேண்டும். ஆள் பிழைத்தால்தானே உரிமை!

மதுரை_வக்கீல்:
கட்டாயமாக்கித்தானே பார்த்தார்கள் கதிர்? மே 1-ல் உள்துறை அமைச்சகம் அரசு, தனியார் ஊழியர் எல்லோருக்கும் கட்டாயம் என்றது. நொய்டாவில் போனில் செயலி இல்லாமல் வெளியே வந்தால் அரசு உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-வது பிரிவில் வழக்கு என்று மிரட்டினார்கள். இதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் ஏதாவது இயற்றியதா? இல்லை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பெயரில் ஓர் உத்தரவு, அவ்வளவுதான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது அரசு அதில் கை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சட்டத்தின் வழியே செய், தேவைக்கு மேல் எடுக்காதே என்றார்கள். தரவுப் பாதுகாப்பு மசோதாவின் முதல் வரைவைத் தயாரித்த குழுவின் தலைவர் ஸ்ரீகிருஷ்ணாவே இந்தக் கட்டாயம் சட்டவிரோதம் என்றார். மே 17-ல் 'இயன்றவரை' என்று அரசே இறங்கி வந்தது.

அப்புறம், அது ப்ளூடூத் மட்டும் இல்லை. ஜிபிஎஸ் வழியாக இருப்பிடத்தையும் எடுத்தது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

கோவை_கதிர்:
ஜிபிஎஸ் இல்லாமல் எந்தத் தெருவில் பரவுகிறது என்று எப்படித் தெரியும் வக்கீல் சார்? கோர்ட்டு வாய்தாவுக்காக வைரஸ் காத்திருக்காது.

ஊர்_நர்ஸ்:
ரெண்டு பேரும் போனைப் பத்தியே பேசுறீங்க. கோயம்பேடு ஞாபகம் இருக்கா? 2020 மே முதல் வாரம் மார்க்கெட்டை மூடினாங்க. அதுக்குள்ள சுமை தூக்குறவங்க கடலூர், அரியலூர், விழுப்புரம்னு கிடைச்ச லாரியில ஏறி ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்க. எங்க பக்கம் வந்தவங்க கையில இருந்தது பெரும்பாலும் பட்டன் போன். நாங்க வீடு வீடாப் போய், பக்கத்து வீட்டுல விசாரிச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

எனக்குப் பேரு, விலாசம், நம்பர் கட்டாயம் வேணும், வக்கீல் சார் கோவிச்சுக்கக் கூடாது. ஆனா ஒரு தடவை அந்தப் பட்டியல் எப்படியோ ஊர் வாட்ஸப் குரூப்புக்குப் போயிருச்சு. தண்ணிக் குழாய்கிட்ட அந்த வீட்டு ஆளுங்களை நிக்க விடல. மறுநாள்ல இருந்து காய்ச்சல்னு யாரும் வாயே திறக்கல. மாத்திரையை மருந்துக்கடையில வாங்கிப் போட்டுக்கிட்டுப் பேசாம இருந்துட்டாங்க. கதிர் தம்பி, ரகசியம் காத்தாத்தான் எங்களுக்கு உண்மை வரும். வாசல்ல நோட்டீஸ் ஒட்டுறதையும் உச்ச நீதிமன்றம் டிசம்பர்லதான் தடுத்துச்சு. அதுக்குள்ள ஒட்டவேண்டியதெல்லாம் ஒட்டி முடிச்சாச்சு.

சிங்கை_வாசி:
எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் அரசின் தடமறியும் செயலியான டிரேஸ்டுகெதர் இருப்பிடத்தைத் தொடாது, பதிவு 25 நாளில் அழியும், தொற்றுத் தடமறிய மட்டுமே என்று 2020-ல் அமைச்சர்கள் உறுதி சொன்னார்கள். நம்பிச் சேர்ந்தோம், முக்கால்வாசிக்கு மேல். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸும் அதைக் கேட்டு வாங்கலாம் என்று வெளிவந்தது. ஒரு கொலை வழக்கில் வாங்கியும் இருந்தார்கள். கொலைகாரனுக்காக யாரும் வக்காலத்து வாங்கவில்லை, சொன்ன சொல் என்ன ஆச்சு என்பதுதான் ஆத்திரம். அடுத்த மாதமே அவசர மசோதா வந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள்.

கோவை_கதிர்:
நான் சொன்னதுக்கு இதுவே சாட்சி. சட்டம் போட்டார்கள், செயலி ஓடியது, வேலை நடந்தது. இங்கேயும் சட்டம் போடட்டும்.

யாழினி:
வேலை நடந்ததா? இங்கே இணையமே கிடைக்காதவர்களை என்ன செய்வீர்கள்? தொற்று வந்தபோது காஷ்மீரில் அரசு விட்டுவைத்திருந்தது 2ஜி வேகம் மட்டுமே. தீவிர சிகிச்சைக்கான வழிகாட்டி நெறிமுறையைத் தரவிறக்க ஸ்ரீநகர் மருத்துவர்கள் மணிக்கணக்கில் திண்டாடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஒரு குழு அமைத்ததோடு நின்றது. 4ஜி முழுசாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். ஒரு கையால் 'செயலியைப் போடு', இன்னொரு கையால் நெட்டை வெட்டு!

தடுப்பூசிக்குப் பதியும் அரசு இணையதளமான கோவினும் அப்படித்தான். 2021 மே 1 முதல் 18-44 வயதுக்காரர்களுக்கு ஆன்லைன் பதிவு இல்லாமல் ஊசி கிடையாது. ஸ்லாட் திறந்த நொடியில் ஓடிபி போட்டு முடிக்கிறவனுக்கு ஊசி, கிராமத்துக் கூலிக்காரனுக்குக் கைவிரிப்பு. உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்ட அந்த மாதத்தில்தான் நேரில் பதியலாம் என்றே ஆனது. 2023-ல் டெலிகிராம் பாட் ஒன்று அதே தடுப்பூசிப் பதிவு விவரங்களை நம்பர் போட்டால் கக்கியது. அரசு போர்ட்டல் பாதுகாப்பாக இருக்கிறது என்றது.

கோவை_கதிர்:
சரி, அழிக்கும் தேதியைச் சட்டத்திலேயே எழுதுங்கள். போலீஸ் தொடக்கூடாது என்றும் எழுதுங்கள். அதற்கெல்லாம் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 'விருப்பம் இருந்தால் போடு' என்றால் இங்கே பத்துப் பேரில் எட்டுப் பேர் போடமாட்டான். கட்டாயம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரை_வக்கீல்:
விடவேண்டாம். பட்டன் போன்காரனுக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதவேண்டி வரும். நீங்களே எழுதி இங்கே போடுங்கள், பார்க்கலாம்.